இருபத்து மூன்றாம் தொப்பி

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை மூன்றாவது நாளாகத் தூறிக்கொண்டிருந்தது. எதிர்வீடு தெரியவில்லை, தெருக்கோடி தெரியவில்லை. ஊரே பாதித் தூக்கத்தில் எழுந்து உட்கார்ந்துவிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டது போல இருந்தது. அப்படிப்பட்ட காலையில் ஒரு பெண்மணி குடையை மடக்கிக்கொண்டு படியேறி வந்து, கைப்பையிலிருந்து ஒரு சின்ன அட்டைப் பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"இது மிச்சமாயிடுச்சு, மேடம். மிச்சமாகக் கூடாது," என்றார்.

அக்கா பெட்டியைத் தொடவில்லை. விபத்தில் அடிபட்ட வண்டிகளைப் பார்த்து, அவை எப்படி அடிபட்டன என்று இன்சூரன்ஸ்காரர்களுக்கு எழுதிக் கொடுப்பது அவள் தொழில். இருபத்தாறு வருஷமாக நசுங்கிய தகரங்களோடு பழகியதில் அவசரம் என்ற ஒன்றே அவளுக்கு மறந்துபோயிருந்தது. வெந்நீர் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கண்ணைப் பாதி மூடியிருப்பாள். தூங்குகிறாளோ என்று நினைத்து எதிரில் இருப்பவர்கள் மெதுவாகப் பேசுவார்கள். மெதுவாகப் பேசுகிறவர்கள் அதிகம் மறைப்பதில்லை என்பது அவள் நம்பிக்கை.

குடும்பத்துக்கு வந்த அவசரத்தையெல்லாம் மொத்தமாக வாங்கிக்கொண்டவன் அவள் தம்பி. நாற்பத்தைந்து வயது, மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறான். ஞாயிறு கடைக்கு விடுமுறை. அக்கா வீட்டில் மர்மம் ஏதாவது மாட்டாதா என்று காலையிலேயே வந்து உட்கார்ந்துவிடுவான். அவன் அதற்குள் பெட்டியைத் திறந்துவிட்டான். உள்ளே ஒரு சாண் நீளத்துக்குக் கறுப்பு ரப்பர் குழாய், உறை பிரிக்காமல் இருந்தது.

"இதுக்காகவா மழையில வந்தீங்க?" என்றான்.

வந்தவர், அடிபட்ட வண்டிகளைப் பார்க்க அக்கா போய்வரும் ஒரு பெரிய கார் பணிமனையில் உதிரிபாக ஸ்டோரைப் பார்த்துக்கொள்பவர். அங்கே எல்லோரும் அவரை ஸ்டோர் அம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னார். ஒரு குறிப்பிட்ட மாடல் காரில் பிரேக்குக்குப் போகும் இந்தக் குழாய் எஞ்சின் சூட்டில் வெடித்துவிடுகிறது என்று கம்பெனி கண்டுபிடித்திருந்தது. வெடித்தால் பிரேக் மிதி கல்லாக இறுகிவிடும். ஏறி நின்று மிதித்தாலும் வண்டி நினைத்த இடத்தில் நிற்காது. விற்ற வண்டிகளையெல்லாம் திரும்ப அழைத்து, இலவசமாகக் குழாயை மாற்றச் சொல்லி உத்தரவு. இந்தப் பணிமனையின் பங்குக்கு நாற்பது வண்டிகள், நாற்பது பெட்டிகளில் நாற்பது குழாய்கள். வெள்ளியும் சனியும் வேலை நடந்தது. நாற்பது வண்டிகளும் வந்தன, நாற்பது வேலை அட்டைகளிலும் மெக்கானிக்குகள் கையெழுத்துப் போட்டார்கள், நாற்பதும் வீடு போய்ச் சேர்ந்தன. சனிக்கிழமை சாயங்காலம் காலிப் பெட்டிகளைத் தட்டையாக்கி அடுக்கும்போது ஒரு பெட்டி மட்டும் மடங்கவில்லை.

கழற்றிய பழைய குழாய்களை மூட்டையிலிருந்து கொட்டி அவர் மூன்று தடவை எண்ணினார். மூன்று தடவையும் முப்பத்தொன்பதுதான்.

"மேனேஜர் என்ன சொல்றார்?" என்று அக்கா கேட்டாள்.

கம்பெனிக்காரன் ஒன்று கூடுதலாக அனுப்பியிருப்பான், பழையது ஒன்று குப்பையில் போயிருக்கும், இதைப் போய்ப் பெரிது பண்ணாதீர்கள் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். ஐந்து மெக்கானிக்குகளையும் ஸ்டோர் அம்மா தனித்தனியாகக் கேட்டும் பார்த்தார். ஐந்து பேரும் தங்கள் எட்டு வண்டியையும் முடித்துவிட்டதாகச் சத்தியம் செய்தார்கள்.

"நாளைக்குக் காலையில கம்பெனிக்கு அறிக்கை போகுது. நாப்பதும் முடிஞ்சதுன்னு என் கையெழுத்தும் அதுல வேணும். அது போயிடுச்சுன்னா அந்த ஒரு வண்டியை இனிமே யாரும் கூப்பிடவே மாட்டாங்க, மேடம். நல்லா இருக்குன்னு நினைச்சுக்கிட்டே ஓட்டிக்கிட்டு இருப்பாங்க."

சொல்லிவிட்டு அவர் ஜன்னலைப் பார்த்தார். வெளியே வெள்ளையாக ஒரு கார் மழைக்குள்ளிருந்து வந்து, மழைக்குள்ளேயே போனது. அந்த மாடலில் வெள்ளை மட்டும்தான் வந்ததாம். நேற்றிலிருந்து எந்த வெள்ளைக் காரைப் பார்த்தாலும் அதுதானோ என்று நின்று பார்க்கத் தோன்றுகிறது என்றார்.

நாற்பது பேருக்கும் போன் போட்டுவிடலாமே என்றான் தம்பி. போன் எண்கள் மேனேஜரின் அலமாரியில் பூட்டிக் கிடக்கின்றன, காரணம் இல்லாமல் அவர் திறக்கமாட்டார் என்றார் ஸ்டோர் அம்மா. போட்டாலும் பாதிப் பேர், நேற்றுத்தானே பார்த்துக் கொடுத்தீர்கள் என்று வைத்துவிடுவார்கள். அந்த ஆள் அந்தப் பாதியில் இருந்தால்?

"மத்தியானம் ஒரு மணி வரைக்கும் தேடுவோம். கிடைக்கலைன்னா பூட்டை உடைச்சாவது நாப்பது பேருக்கும் நானே சொல்றேன்," என்று அக்கா டம்ளரைக் கீழே வைத்தாள். அவள் பாதி குடித்த வெந்நீரைக் கீழே வைத்துத் தம்பி பார்த்ததே இல்லை. ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு முதல் ஆளாகப் படியிறங்கினான்.

விடுமுறை நாளில் பணிமனை ஒரு பெரிய காலி வீடாக இருந்தது. தகரக் கூரையில் தூறல் விழும் சத்தம் ஒரே சுருதியில் கேட்டது. காவலாளி கதவைத் திறந்துவிட்டு, பெஞ்சைத் துண்டால் துடைத்து அவர்களை உட்காரச் சொன்னார். சுவர் அலமாரியில் மஞ்சள் நிறத்தில் பிளாஸ்டிக் தொப்பிகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றின் மேலும் பெரிய எண். அடியில் துணி ஒட்டிய வட்டக் காந்தம்.

"இது என்ன, வண்டிக்குப் பிறந்தநாளா?" என்றான் தம்பி.

வண்டி உள்ளே வந்ததும் கூரைமேல் இந்தத் தொப்பியை வைத்துவிடுவார்களாம். எல்லாம் ஒரே வெள்ளை என்பதால் நம்பர் பிளேட்டை யாரும் குனிந்து பார்ப்பதில்லை. பதினைந்தாம் தொப்பி என்றால் பதினைந்தாம் அட்டை. வேலை முடிந்ததும் மெக்கானிக் தொப்பியைக் கழற்றிவிடுவார். வெறும் தலையோடு நிற்கும் வண்டி தயார் என்று அர்த்தம். சொந்தக்காரர் வந்தால் காவலாளி சாவியைக் கொடுத்து அனுப்பலாம்.

அக்கா எல்லா அட்டைகளின் நகலையும் வாங்கி மெதுவாகப் புரட்டினாள். வந்தபோது மீட்டர் எவ்வளவு, வேலை முடிந்து சோதனைக்கு ஓட்டிப் பார்த்தபின் எவ்வளவு என்று ஒவ்வொன்றிலும் எழுதியிருந்தது. நாற்பதிலும் வித்தியாசம் சரியாக இரண்டு கிலோமீட்டர். பிறகு காவலாளியின் மேசையில் சங்கிலி போட்டுக் கட்டியிருந்த புகார்ப் புத்தகத்தைத் திறந்தாள்.

சனிக்கிழமை சாயங்காலம் ஒரே ஒரு புகார் இருந்தது. ஒரு பல் டாக்டர் முத்து முத்தான கையெழுத்தில் எழுதியிருந்தார்: மீட்டரில் நான்கு கிலோமீட்டர் கூடியிருக்கிறது, நீங்கள் சொன்னது இரண்டு. மேலும் என் காரின் கூரையில் வட்டமாகச் சேறு, துடைத்தால் கீறல். இது என்ன பணிமனை?

தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். இரண்டு கிலோமீட்டருக்குச் சண்டை போடும் ஆளிடம் பல்லைக் காட்டவே பயமாக இருக்கும் என்றான். அக்கா சிரிக்கவில்லை. டாக்டரின் வண்டிக்கு எந்தத் தொப்பி என்று கேட்டாள். பதினொன்று. அந்த அட்டையில் கையெழுத்துப் போட்டவர் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் இடப்பக்கம் சாய்ந்த ஒரு கிறுக்கல் இருந்தது.

"அது நம்ம இடக்கை," என்றார் ஸ்டோர் அம்மா. "இடது கையால வேலை செய்யற பையன். நல்ல பையன் மேடம். குழந்தை பிறந்து ஒன்பது நாளாச்சு. ராத்திரி பூரா அழுதாம். நடக்கும்போதே தூங்கறான் பாவம்."

தம்பியின் கண் பளிச்சிட்டது. அக்காவின் காதருகே வந்து, ஆள் கிடைத்துவிட்டான், தூங்கிவிட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கிறான் என்றான். அக்கா 'ம்' என்றாள். பிறகு தொப்பி அலமாரிக்குப் போய் ஒவ்வொரு தொப்பியாக எடுத்துத் திருப்பி, அடியில் இருந்த துணியை விரலால் தடவிப் பார்க்க ஆரம்பித்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. தம்பிக்குப் பொறுக்கவில்லை, முற்றத்துக்கும் அலமாரிக்குமாக நடந்தான். வெகுநேரம் கழித்து ஒரு தொப்பியை மட்டும் அவள் தனியாக எடுத்து மேசைமேல் கவிழ்த்து வைத்தாள்.

"நேத்து இங்க காத்து அடிச்சுதா?" என்று காவலாளியைக் கேட்டாள்.

மத்தியானம் நல்ல காற்று, வேப்பங்கிளை ஒன்று முறிந்து விழுந்தது என்றார் காவலாளி.

"சரி. மேனேஜரையும் அந்த இடக்கையையும் வரச் சொல்லுங்க. மேனேஜரை அலமாரிச் சாவியோட வரச் சொல்லுங்க."

பன்னிரண்டரைக்கு எல்லோரும் ஸ்டோர் மேசையைச் சுற்றி இருந்தார்கள். மேனேஜர் வீட்டுச் செருப்போடு வந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை கெட்டுப்போன கோபம் முகத்தில் இருந்தது. இடக்கை சுவரில் சாய்ந்து நின்றான். இருபத்தாறு இருபத்தேழு வயதிருக்கும். கண் சிவந்து, சட்டைப் பொத்தான் ஒன்று மாறிப் போட்டிருந்தது. அவனைப் பார்த்ததும் தம்பிக்கே தன் துப்பறிதல் கொஞ்சம் கசந்தது.

"நேத்து உங்களுக்கு வினோதமா ஏதாவது நடந்துதா?" என்று அக்கா அவனைக் கேட்டாள். "யார்கிட்டயும் சொல்லாத ஏதாவது?"

அவன் மேனேஜரைப் பார்த்தான், தரையைப் பார்த்தான். பிறகு சொன்னான்.

"மூணு மணி இருக்கும் மேடம். ஒரு வண்டியோட பானெட்டைத் திறந்தேன். உள்ள புதுக் குழாய் இருக்கு. மாட்டி முடிச்சா, கிளிப் நகரலைன்னு தெரியறதுக்குப் பச்சைப் பெயின்ட்ல ஒரு கோடு போடுவோம். அந்தக் கோடும் இருக்கு. அது என் கோடு. நான் இடக்கைங்கறதால என் கோடு மட்டும் மறுபக்கம் சாயும். நான்தான் போட்டிருக்கேன், ஆனா போட்டது ஞாபகமே இல்ல." அவன் குரல் இறங்கியது. "பயந்துட்டேன். தூக்கத்துலயே வேலை செஞ்சுட்டேன் போலன்னு நினைச்சேன். தட்டுல இருந்த பெட்டியும் காலின்னு நினைச்சு மத்த காலிப் பெட்டிகளோட போட்டுட்டேன். ஒரு தடவை ஓட்டிப் பார்த்துட்டுக் கையெழுத்துப் போட்டேன். வெளிய சொன்னா வேலை போயிடும்னு சொல்லல."

"எந்த வண்டி?"

"சத்தியமா ஞாபகமில்ல மேடம். நேத்து நாள் முழுக்கவே ஒரு கனவு மாதிரிதான் இருக்கு."

மேனேஜர் வாயைத் திறந்தார். அக்கா கையைக் கொஞ்சம் உயர்த்தியதும் மூடிக்கொண்டார்.

"இவர் கனவு காணல," என்றாள் அக்கா. "பார்த்தது நிஜம். புதுக் குழாயும் நிஜம், கோடும் நிஜம். அது காலையில இவரே முடிச்ச வண்டி. அதே வண்டி ரெண்டாவது தடவை இவர்கிட்ட வந்திருக்கு."

"அட்டைப்படி ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு கிலோமீட்டர்தானே ஓடியிருக்கு?" என்றார் மேனேஜர்.

"அட்டையில எல்லாம் ரெண்டு ரெண்டுதான். ஏன்னா மீட்டரைப் பார்த்து யாரும் எழுதல, பழைய எண்ணோட ரெண்டைக் கூட்டி எழுதியிருக்காங்க. மீட்டரைப் பார்த்த ஒரே ஆள் அந்தப் பல் டாக்டர்தான். அவர் வண்டி நாலு கிலோமீட்டர் ஓடியிருக்கு. ரெண்டு தடவை சோதனை ஓட்டம். அவர் வண்டிக்குத் தொப்பி பதினொண்ணு. காலையில இவர் வேலையை முடிச்சுத் தொப்பியைக் கழட்டிட்டார். வெறும் தலையோட நின்ன வண்டிக்கு மறுபடி தொப்பி எப்படி வந்துது?"

தகரக் கூரையில் தூறல் கொஞ்சம் குறைந்திருந்தது. காவலாளி பெஞ்சிலிருந்து எழுந்தார்.

"நான்தாம்மா வச்சேன்," என்றார். "காத்துல ஒரு தொப்பி பறந்து சேத்துல விழுந்து கிடந்துச்சு. நனையுதேன்னு எடுத்தேன். பக்கத்துல ரெண்டு வண்டி தொப்பி இல்லாம நின்னுது. இதுவா இருக்கும்னு ஒண்ணுமேல வச்சேன். நல்லதுன்னு நினைச்சுத்தான் செஞ்சேன்."

"நல்லதுதான் செஞ்சீங்க. கையில கிடைச்சதை ஓரமா போட்டுட்டுப் போகாம எடுத்து வச்சீங்க," என்றாள் அக்கா. "ஆனா ரெண்டுல ஒண்ணு முடிஞ்ச வண்டி, ஒண்ணு தொப்பி பறந்த வண்டி. நீங்க முடிஞ்ச வண்டிமேல வச்சுட்டீங்க. சேறும் மண்ணும் காந்தத்துக்கு அடியில இருந்ததால டாக்டர் வண்டிக் கூரையில வட்டமாக் கீறல். அந்த இன்னொரு வண்டி வெறும் தலையோட நின்னுது. இங்க அதுக்கு என்ன அர்த்தம்னு உங்களுக்கே தெரியும். சொந்தக்காரர் வந்ததும் சாவியைக் கொடுத்து அனுப்பிட்டீங்க."

தம்பியால் அடக்க முடியவில்லை. "எந்தத் தொப்பிக்கா?"

அக்கா மேசைமேல் கவிழ்த்து வைத்திருந்த தொப்பியின் அடியைக் காட்டினாள். துணியில் மண் காய்ந்து ஒட்டியிருந்தது. மற்ற முப்பத்தொன்பதும் சுத்தமாக இருந்தன. பிறகு அதை நிமிர்த்தி வைத்தாள்.

இருபத்து மூன்று.

மேனேஜர் போய் அலமாரியைத் திறந்தார். விலாசம் மேட்டுத் தெருவில் இருந்தது. ஊரிலேயே செங்குத்தான தெரு அது. இறங்கி முடியும் இடத்தில் சந்தைச் சாலை. அவர் போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மறுபடி போட்டார். அந்த நேரத்தில்தான் கூரைச் சத்தம் அடியோடு நின்றது. ஸ்டோர் அம்மா மேலே பார்த்தார்.

"மழை விட்டுடுச்சு," என்றார். மழை விட்டால் எல்லோரும் வண்டியை எடுப்பார்கள்.

தம்பி ஸ்கூட்டரில் முன்னால் பறந்தான். அக்கா பின்னால் உட்கார்ந்து அவன் தோளைப் பிடித்திருந்தாள். மேனேஜரின் காரில் இடக்கையும் ஸ்டோர் அம்மாவும் குழாயோடு வந்தார்கள். மூன்று நாளுக்குப் பிறகு வெயில் வந்ததில் ஈரத் தெருவெல்லாம் ஆவியாகி எழுந்துகொண்டிருந்தது. ஆவிக்குள்ளே மரங்கள் மிதந்தன, வீடுகள் மிதந்தன. அழகாகத்தான் இருந்தது. தம்பிக்கு அழகைப் பார்க்கிற நிலைமை இல்லை. ஒவ்வொரு வெள்ளைக் காரையும் கடக்கும்போது திரும்பி நம்பர் பிளேட்டைப் பார்த்தான்.

மேட்டின் உச்சியில் அந்த வீடு. வெளிக்கதவு அகலத் திறந்திருந்தது. உள்ளே வெள்ளைக் கார் எஞ்சின் ஓடியபடி நின்றது. முன்கண்ணாடியில் கற்றுக்கொள்பவர் என்று காட்டும் சிவப்பு 'L' எழுத்து ஒட்டியிருந்தது. ஸ்டீயரிங்கில் பதினெட்டு வயதுப் பெண். பக்கத்தில் அவள் அப்பா சீட் பெல்ட்டைப் போட்டுக்கொண்டிருந்தார். மெதுவாகச் சக்கரம் அசைந்தது.

வாழ்க்கையில் முதல்முறையாக அவசரம் தம்பிக்குக் கைகொடுத்தது. ஸ்கூட்டரைக் கதவுக்குக் குறுக்கே கொண்டுபோய் நிறுத்தி, அக்காவையும் இறக்கிவிட்டு, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றான். அந்தப் பெண் பயந்து மிதியை மிதித்தாள். கார் நகர்ந்தது, இன்னும் நகர்ந்தது, ஸ்கூட்டரின் கண்ணாடிக்கு நான்கு விரல் தள்ளி வந்து நின்றது. உள்முற்றம் சமதளம் என்பதால் நின்றது.

அப்பா கோபமாக இறங்கினார். மேனேஜரின் கார் வந்து, அவர் முகத்தைப் பார்த்ததும் கோபம் பாதியில் நின்றது. விஷயத்தை மேனேஜரேதான் சொன்னார். வண்டி தயார் என்று தவறாகக் கொடுத்துவிட்டோம், தப்பு எங்கள் மேல் என்றார். வீட்டுச் செருப்போடு நின்று அதைச் சொல்வது அவருக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

இடக்கை பானெட்டைத் திறந்தான். உள்ளே பழைய குழாய். பச்சைக் கோடு இல்லை. கிளிப்பைத் தளர்த்தி அதை உருவி எடுத்து லேசாக வளைத்தான். வளைவில் ரப்பர் பிளந்து வாயைத் திறந்தது. உள்பக்கத்தில் ஒரு நூல் கனத்துக்குத்தான் ஒட்டிக்கொண்டிருந்தது.

அந்தப் பெண் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். "காலையில முற்றத்துல ஓட்டிப் பார்த்தப்பவே மிதி இறுக்கமா இருந்துச்சு," என்று அப்பாவிடம் சொன்னாள். "உனக்குக் கால்ல பலமே இல்லைன்னு திட்டினீங்களேப்பா."

அப்பா மகளின் தலையில் கையை வைத்தார், எடுக்கவில்லை. கீழே மேட்டுத் தெரு வெயிலில் பளபளத்துக்கொண்டு, நேராகச் சந்தைச் சாலைக்கு இறங்கிப்போனது.

புதுக் குழாயை மாட்டிக் கிளிப்பை இறுக்கியதும் இடக்கை பச்சைப் பெயின்ட் பேனாவை எடுத்து ஒரு கோடு போட்டான். அது மறுபக்கம் சாய்ந்து விழுந்தது. அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை குனிந்து பார்த்தான். பிறகு ஸ்டோர் அம்மாவைக் கூப்பிட்டான்.

"அம்மா, இங்க வந்து பாருங்களேன். கோடு இருக்குதானே?"

ஸ்டோர் அம்மா குனிந்து, விரலால் கிளிப்பைத் தொட்டுப் பார்த்தார். "இருக்குப்பா. நான் பார்த்துட்டேன்," என்றார். உடைந்த பழைய குழாயைக் கைப்பையில் போட்டுக்கொண்டு, யாருக்கும் கேட்காத குரலில் "நாப்பது" என்றார்.

மேனேஜர் தொண்டையைச் செருமிக்கொண்டு அக்காவிடம் வந்தார். அறிக்கையில் இந்த வண்டியைப் பற்றி என்ன எழுதுவது என்று கேட்டார்.

"நடந்ததை எழுதுங்க. தொப்பிக்குப் பதிலா நம்பர் பிளேட்டைப் பார்க்கச் சொல்லியும் எழுதுங்க. இந்தத் தொப்பி வைக்கிற பணிமனை இது ஒண்ணு மட்டும் இல்லையே," என்றாள் அக்கா.

"அவனைப் பத்தி?"

அக்கா திரும்பிப் பார்த்தாள். இடக்கை படிக்கட்டில் உட்கார்ந்திருந்தான். முழங்கையில் தலை சாய்ந்துவிட்டது. இடது கையில் பேனா இன்னும் மூடாமல் இருந்தது. அந்தப் பெண் மெல்லப் போய், அவன் கையிலிருந்து பேனாவை எடுத்து மூடி போட்டு, பக்கத்தில் வைத்தாள்.

மேனேஜரும் அதைப் பார்த்தார். "பத்து நாள் லீவுன்னு எழுதிடறேன்," என்றார். "எழுந்ததும் நானே வீட்டுல கொண்டுபோய் விடறேன்."

"எழுப்பாதீங்க," என்றார் ஸ்டோர் அம்மா. அவரே அந்தப் படிக்கட்டின் மறுமுனையில் உட்கார்ந்து, குடையை விரித்து, அவன் முகத்தில் வெயில் படாமல் பிடித்துக்கொண்டார்.